நொதிகள் எப்படி வேலை செய்கின்றன, எதனால் வேகம் கூடுகிறது, எதனால் நின்றுபோகிறது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேல்நிலை வகுப்பு மாணவர்களும், செய்முறை வகுப்பு நடத்தும் ஆசிரியர்களும், அடுப்படியில் நிற்கும்போது "இது ஏன் இப்படி ஆகிறது?" என்று யோசிப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. எச்சிலில் உள்ள அமைலேஸ் நொதி ஸ்டார்ச்சை (மாவுச்சத்தை) உடைப்பதைக் காட்டும் சோதனைக்குக் கூடுதல் இடம் ஒதுக்கியிருக்கிறோம். பள்ளி ஆய்வகங்களில் மிக அதிகமாகச் செய்யப்படுவது அதுதான். தவறான முடிவு மிக எளிதாகக் கிடைப்பதும் அதில்தான்.

நொதி என்பது என்ன? உயிருள்ள பொருளா?

உயிருள்ளது அல்ல. உயிருள்ள செல்கள் தயாரிக்கும் வினையூக்கி, அவ்வளவுதான். செல் இல்லாமலும் அது வேலை செய்யும் என்பதை எடுவர்ட் பூக்னர் 1897-இல் காட்டினார். ஈஸ்ட்டை அரைத்துப் பிழிந்து, முழுச் செல்களை நீக்கி எடுத்த சாறும் சர்க்கரையைச் சாராயமாக்கியது. 1926-இல் ஜேம்ஸ் சம்னர், வாளவரை இனத்து விதையிலிருந்து யூரியேஸ் என்ற நொதியைப் படிகமாகப் பிரித்தெடுத்து, அது புரதம் என்று காட்டினார். பெரும்பாலான நொதிகள் புரதங்களே. விதிவிலக்காகச் சில ஆர்என்ஏ மூலக்கூறுகளும் வினையூக்கிகளாக இருக்கின்றன. அதைக் கண்டறிந்த தாமஸ் செக், சிட்னி ஆல்ட்மன் இருவருக்கும் 1989-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

நொதி உண்மையில் செய்வது என்ன?

ஒரு வேதிவினை நடக்க வேண்டுமானால், மூலக்கூறுகள் முதலில் ஓர் ஆற்றல் மேட்டைக் கடக்க வேண்டும். அந்த மேட்டின் உயரம்தான் கிளர்வு ஆற்றல். நொதி அதைக் குறைக்கிறது. வேறு எதையும் மாற்றுவதில்லை. வினை எந்தப் பக்கம் எவ்வளவு தூரம் போய் நிற்க வேண்டுமோ, அந்தச் சமநிலை நொதி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான். அங்கே போய்ச் சேரும் நேரம் மட்டும் குறைகிறது.

எவ்வளவு குறைகிறது என்பதற்கு இரண்டு எடுத்துக்காட்டுகள். டிஎன்ஏ, ஆர்என்ஏ தயாரிக்கத் தேவைப்படும் ஒரு படியில் ஓரோடிடின் மோனோபாஸ்பேட் என்ற பொருளிலிருந்து கார்பன் டை ஆக்சைடு பிரிய வேண்டும். நொதி இல்லாமல் விட்டால் அதில் பாதி மாறுவதற்கே சுமார் 7.8 கோடி ஆண்டுகள் ஆகும். அதற்குரிய நொதி அதை ஒரு நொடிக்குள் முடித்துவிடுகிறது. ரத்தச் சிவப்பணுவில் உள்ள கார்பானிக் அன்ஹைட்ரேஸ் நொதியின் ஒரு மூலக்கூறு நொடிக்குச் சுமார் 10 லட்சம் கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறுகளைக் கையாள்கிறது. எல்லா நொதிகளும் இப்படி விரைவானவை அல்ல. கண்ணீரில் உள்ள லைசோசைம் ஒரு வினையை முடிக்க ஒரு நொடிக்கும் மேல் எடுத்துக்கொள்ளும்.

பூட்டு, சாவி விளக்கம் சரியா?

தொடக்கத்துக்குச் சரி. எமில் ஃபிஷர் 1894-இல் சொன்னது அது: நொதியில் ஒரு குழிவு இருக்கிறது, அதில் பொருந்தும் தளப்பொருள் (நொதி மாற்றும் பொருள்) மட்டுமே வினைபுரியும். ஒரு நொதி ஏன் ஒரு சில பொருள்களோடு மட்டும் சேர்கிறது என்பதை இது விளக்கிவிடுகிறது. ஆனால் நொதி இறுகிய உலோகத் துண்டு அல்ல. தளப்பொருள் வந்து அமரும்போது நொதியும் வளைந்து கொடுத்து அதைச் சுற்றி மூடிக்கொள்கிறது. டேனியல் கோஷ்லாண்ட் 1958-இல் முன்வைத்த இந்தத் தூண்டப்பட்ட பொருத்தக் கருத்துதான் இன்று ஏற்கப்படுவது. தேர்வில் இரண்டையும் எழுதுங்கள், இரண்டாவதற்கு அதிக வரிகள் கொடுங்கள்.

அந்தக் குழிவைக் கிளர்வு மையம் என்கிறோம். அதைப் பற்றி ஒரு செய்தியை நினைவில் வைத்தால் மற்ற எல்லாக் கேள்விகளுக்கும் வழி கிடைக்கும். கைமோட்ரிப்சின் என்ற செரிமான நொதியில் வேலையைச் செய்பவை மூன்று அமினோ அமிலங்கள். சங்கிலியில் அவற்றின் எண்கள் 57, 102, 195. ஒன்றுக்கொன்று வெகுதூரம். சங்கிலி குறிப்பிட்ட விதத்தில் மடிந்தால்தான் மூன்றும் பக்கத்தில் வந்து நிற்கும். மடிப்பு கலைந்தால், சங்கிலி எங்கும் அறுபடாமலேயே, நொதி செயலற்றுப்போகும். வெப்பம், அமிலம், உலோகம் என எதைப் பற்றிக் கேட்டாலும், அது இந்த மடிப்பை என்ன செய்கிறது, கிளர்வு மையத்தின் மின்சுமையை என்ன செய்கிறது என்று பாருங்கள்.

வெப்பநிலை கூடினால் வேகம் கூடுமா, குறையுமா?

இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கின்றன. சூடு ஏற ஏற மூலக்கூறுகள் வேகமாக மோதுகின்றன. 10 டிகிரிக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு என்று வேகம் கூடும். அதே சூடு, மடிப்பைப் பிடித்து வைத்திருக்கும் மென்மையான பிணைப்புகளையும் தளர்த்துகிறது. ஓர் எல்லைக்கு மேல் நொதி மூலக்கூறுகள் நிமிடத்துக்கு நிமிடம் இயல்பிழக்கின்றன. வரைபடத்தில் முதலில் மெதுவாக ஏறி, பிறகு சட்டென்று சரியும் கோடு இந்த இரண்டின் கூட்டு விளைவு.

எச்சில் அமைலேஸுக்கு உகந்த வெப்பநிலை 37 டிகிரிதானே?

37 என்பது நம் உடல் வெப்பநிலை. அதை நொதியின் நிலையான பண்பாக எழுதுவது பல பாடக்குறிப்புகளில் உள்ள குறை. உகந்த வெப்பநிலை என்பது நீங்கள் எவ்வளவு நேரம் சோதிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து நகரும். 50 டிகிரியில் நொதி மெல்ல மெல்ல அழிகிறது என்று வைத்துக்கொள்வோம். சோதனை 2 நிமிடத்தில் முடிந்தால் அழிவு தெரியாது, கூடுதல் வேகம்தான் தெரியும். 50 டிகிரிக் குழாய் முதலில் வரும். அதே சோதனை 2 மணி நேரம் நீடித்தால் அந்தக் குழாயில் நொதியே மிஞ்சியிருக்காது. 37 டிகிரிக் குழாய் வென்றுவிடும்.

ஆகவே உங்கள் வகுப்பில் 45 டிகிரிக் குழாய் 37-ஐ முந்தினால் அதை அடித்துத் திருத்தாதீர்கள். கிடைத்த முடிவையும், சோதனை நீடித்த நேரத்தையும் சேர்த்து எழுதுங்கள். நேரம் சொல்லாத உகந்த வெப்பநிலை அரைகுறைத் தகவல்.

வாழும் இடத்துக்கேற்ப நொதிகளும் வேறுபடும். அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றுகளில் கண்டெடுத்து 1969-இல் விவரிக்கப்பட்ட தெர்மஸ் அக்வாட்டிகஸ் பாக்டீரியாவின் டிஎன்ஏ பாலிமரேஸ் (டிஎன்ஏவை நகலெடுக்கும் நொதி) 72 டிகிரியில் சிறப்பாக வேலை செய்யும். 95 டிகிரிச் சூட்டையும் பல நிமிடங்கள் தாங்கும். டிஎன்ஏவைப் பல மடங்காக்கும் பிசிஆர் சோதனையில் ஒவ்வொரு சுற்றிலும் டிஎன்ஏவைக் கொதிநிலைக்கு அருகே சூடாக்க முடிவது அதனால்தான்.

குளிரில் வைத்தால் நொதி அழியுமா?

பொதுவாக அழியாது, வேகம் மட்டும் குறையும். பனிக்கட்டியில் வைத்த குழாயையும் கொதிக்க வைத்த குழாயையும் பிறகு 37 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள். முதலாவது மறுபடி வேலை தொடங்கும், இரண்டாவது தொடங்காது. "குறைந்த வெப்பநிலை செயலை நிறுத்தி வைக்கிறது, உயர் வெப்பநிலை அழிக்கிறது" என்று எழுதுமுன் மாணவர்கள் இந்த ஒரு படியைக் கண்ணால் பார்க்க வேண்டும். பல பள்ளிகளில் நேரமில்லை என்று விட்டுவிடுவது இதைத்தான்.

எச்சில் அமைலேஸ் சோதனையைச் சரியாகச் செய்வது எப்படி?

ஸ்டார்ச் கரைசல், 1 சதவீதம்: 1 கிராம் கரையும் ஸ்டார்ச்சைச் சிறிது குளிர்ந்த நீரில் கட்டியில்லாமல் குழைத்து, சுமார் 90 மி.லி. கொதிநீரில் கிளறிக்கொண்டே ஊற்றி, 2 நிமிடம் கொதிக்க விட்டு ஆறவைத்து 100 மி.லி.க்கு நிரப்புங்கள். அன்றன்று தயாரிப்பது நல்லது. பழைய கரைசலில் கிருமிகளே ஸ்டார்ச்சை உடைத்திருக்கும்.

நொதி: வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு, 10 மி.லி. வெதுவெதுப்பான நீரை வாயில் ஒரு நிமிடம் வைத்திருந்து பீக்கரில் சேகரியுங்கள். பஞ்சு வழியே வடிகட்டி, மேலும் 10 மடங்கு நீர்த்துக்கொள்ளுங்கள். ஒருவர் எச்சிலைத்தான் வகுப்பு முழுவதும் பயன்படுத்த வேண்டும். ஆளுக்கு ஆள் அமைலேஸ் அளவு பல மடங்கு மாறும். ஒவ்வொரு குழு ஒவ்வொருவர் எச்சிலை எடுத்தால் முடிவுகளை ஒப்பிடவே முடியாது. எச்சில் பட்ட கண்ணாடிப் பொருள்களைக் கிருமிநாசினியில் போட்ட பிறகே கழுவக் கொடுங்கள்.

அயோடின்: பொட்டாசியம் அயோடைடு சேர்த்துக் கரைத்தது. அயோடின் மட்டும் நீரில் சரியாகக் கரையாது.

ஒரு சோதனைக்குழாயில் 5 மி.லி. ஸ்டார்ச், 1 மி.லி. பிஹெச் 6.8 தாங்கல் கரைசல் (அமில, கார அளவான பிஹெச்சை மாறாமல் வைப்பது), 1 மி.லி. 1 சதவீத உப்புக் கரைசல். இதையும் நொதிக் குழாயையும் தனித்தனியே ஒரே வெப்பநிலையில் 5 நிமிடம் வையுங்கள். பிறகு 1 மி.லி. நொதியைச் சேர்த்து, கலக்கி, கடிகாரத்தைத் தொடங்குங்கள். குழிகள் உள்ள வெள்ளைப் பீங்கான் தட்டில் முன்கூட்டியே ஒவ்வொரு குழியிலும் ஒரு சொட்டு அயோடின் விட்டு வைத்திருங்கள். 30 நொடிக்கு ஒருமுறை குழாயிலிருந்து ஒரு சொட்டு எடுத்து அடுத்த குழியில் விடுங்கள். கருநீலம், ஊதா, செம்பழுப்பு என்று மாறி, இறுதியில் அயோடினின் மஞ்சள் மட்டும் மிஞ்சும். அந்த நேரம்தான் நிறமற்ற நிலை.

நிறம் இப்படிப் படிப்படியாக மாறக் காரணம், சுருள் வடிவ அமைலோஸ் சங்கிலிக்குள் அயோடின் புகுந்து நிற்பதே. சங்கிலி நீளமாக இருந்தால் நீலம், துண்டானால் சிவப்பு, மிகச் சிறிய துண்டுகளில் நிறமே இல்லை.

முதலில் 37 டிகிரியில் ஒரு முன்னோட்டம் செய்து, நிறமற்ற நிலை 5 முதல் 8 நிமிடத்தில் வருமாறு நீர்த்தலைச் சரிசெய்துகொள்ளுங்கள். வேகத்தை 1000 ÷ நொடி என்று கணக்கிட்டால் வரைபடம் போட எளிது. 200 நொடியானால் 5, 400 நொடியானால் 2.5.

எங்கள் முடிவு எதிர்பார்த்தபடி வரவில்லை. எங்கே பிழை?

கீழே உள்ளவற்றில் முதல் இரண்டும்தான் மிகவும் ஏமாற்றுபவை, ஏனென்றால் நொதியே இல்லாமல் "செரித்துவிட்டது" போன்ற தோற்றம் தருபவை.

சூடான குழாயில் நீலம் வரவில்லை: ஸ்டார்ச் அயோடின் நிறம் சூட்டில் மறையும், ஆறினால் திரும்பும். 70, 80 டிகிரிக் குழாயிலேயே அயோடினை ஊற்றிப் பார்த்துவிட்டு "ஸ்டார்ச் இல்லை" என்று எழுதிவிடுகிறார்கள். சொட்டைக் குளிர்ந்த தட்டில் விட்டு ஆறிய பிறகு பாருங்கள்.

காரத்தன்மை அதிகமுள்ள குழாயில் நீலம் வரவில்லை: காரத்தில் அயோடினே வேறு பொருளாக மாறிவிடும். பிஹெச் 9-க்கு மேல் சோதிக்கும்போது, சொட்டோடு சிறிது நீர்த்த அமிலம் சேர்த்த பிறகு அயோடினைச் சேருங்கள். நொதி சேர்க்காத குழாய் ஒன்று ஒவ்வொரு பிஹெச்சுக்கும் பக்கத்திலேயே இருக்க வேண்டும். அது இல்லாத முடிவை நம்ப வேண்டாம்.

முதல் சொட்டிலேயே நிறம் போய்விட்டது: எச்சில் அடர்த்தி அதிகம். இன்னும் நீர்த்துங்கள்.

அரை மணி நேரமாகியும் நீலமே: நீர்த்தல் அதிகமாகியிருக்கலாம், ஸ்டார்ச் கெட்டியாக இருக்கலாம், அல்லது உப்பு விட்டுப்போயிருக்கலாம். இந்த அமைலேஸுக்குக் குளோரைடு அயனி தேவை. வெறும் வாலைவடிநீரில் நீர்த்துவிட்டு உப்பைச் சேர்க்காவிட்டால் செயல் வெகுவாகக் குறையும்.

இன்னொன்று: கொதிக்க வைத்த நொதி என்று சொல்லிக் குழாயை வெந்நீரில் அரை நிமிடம் வைப்பது போதாது. குழாயின் உள்ளே இருக்கும் திரவமே கொதிக்க வேண்டும், 5 நிமிடமாவது.

பிஹெச் ஏன் இவ்வளவு முக்கியம்?

கிளர்வு மையத்தில் உள்ள அமினோ அமிலங்களில் சில ஹைட்ரஜன் அயனியை ஏற்பவை, சில விடுபவை. ஹிஸ்டிடின் பிஹெச் 6 அளவில் நிலை மாறும். அஸ்பார்ட்டிக், குளுட்டாமிக் அமிலங்கள் 4 அளவில். வினை நடக்க ஒன்று சுமையோடும் மற்றொன்று சுமையின்றியும் இருக்க வேண்டுமென்றால், அது ஒரு குறுகிய பிஹெச் எல்லைக்குள்தான் கூடிவரும். வயிற்றில் வேலை செய்யும் பெப்சினுக்கு அது 2 அளவு. சிறுகுடலில் வேலை செய்யும் டிரிப்சினுக்கு 8 அளவு. எச்சில் அமைலேஸுக்கு 6.7 முதல் 7. சோற்றோடு விழுங்கிய அமைலேஸ் இரைப்பை அமிலத்தில் செயலிழக்கிறது. கவளத்தின் நடுவே அமிலம் ஊறும் வரைதான் அதற்கு நேரம்.

இங்கும் இரண்டு வேறு விளைவுகள் உண்டு. சுமை மட்டும் மாறியிருந்தால், பிஹெச்சைத் திரும்பச் சரிசெய்ததும் நொதி மீளும். மடிப்பே கலைந்திருந்தால் மீளாது. எது நடந்தது என்று அறிய, பிஹெச் 7-க்குத் திருப்பிச் சோதித்துப் பார்ப்பதே எளிய வழி. கணையச் சுரப்பி சரியாக வேலை செய்யாதவர்களுக்குத் தரும் கணைய நொதி மாத்திரைகளுக்கு அமிலத்தில் கரையாத மேல்பூச்சு இருப்பதும் இதனால்தான். அதிலுள்ள லைப்பேஸ் பிஹெச் 4-க்குக் கீழே மீளமுடியாமல் அழிந்துவிடும். அவற்றை நசுக்கியோ மென்றோ சாப்பிட்டால் மருந்து வீண்.

தளப்பொருளைக் கூட்டிக்கொண்டே போனால் வேகமும் கூடிக்கொண்டே போகுமா?

தொடக்கத்தில் கூடும், பிறகு ஓர் உச்ச வேகத்தில் தட்டையாகிவிடும். ரேஷன் கடையில் ஒரே ஒரு எடையாளர் இருந்தால், வரிசை எவ்வளவு நீண்டாலும் மணிக்கு இத்தனை பேருக்குத்தான் அரிசி போட முடியும்; அதுபோல் எல்லாக் கிளர்வு மையங்களும் எப்போதும் நிரம்பியே இருக்கும்போது மேலும் தளப்பொருள் சேர்ப்பதில் பயனில்லை. லியோனார் மைக்கேலிஸும் மாட் மென்டனும் 1913-இல் இதைச் சமன்பாடாக்கினார்கள்:

வேகம் = உச்ச வேகம் × செறிவு ÷ (கேஎம் + செறிவு)

கேஎம் என்பது உச்ச வேகத்தில் பாதி கிடைக்கும் தளப்பொருள் செறிவு. செறிவு கேஎம்முக்குச் சமமானால் வேகம் 50 சதவீதம். 9 மடங்கானால் 90 சதவீதம். 99 சதவீதம் வேண்டுமானால் 99 மடங்கு செறிவு வேண்டும். தட்டையான பகுதியை எட்டுவது எவ்வளவு கடினம் என்பது இதில் தெரியும். வரைபடத்தில் கோடு தட்டையாகிவிட்டதுபோல் கண்ணுக்குத் தெரிவதை உச்ச வேகம் என்று குறித்தால் குறைவாகவே குறித்திருப்பீர்கள்.

கேஎம் வெறும் தேர்வு எண் அல்ல. குளுக்கோஸில் பாஸ்பேட்டைச் சேர்க்கும் மூளையின் ஹெக்சோகைனேஸ் நொதியில், குளுக்கோஸுக்கு அது 0.1 மில்லிமோலருக்கும் குறைவு. சாப்பிடாத நிலையில் ரத்தத்தில் குளுக்கோஸ் ஏறக்குறைய 5 மில்லிமோலர். கணக்குப் போட்டால் அந்த நொதி எப்போதும் 98 சதவீதத்துக்கு மேல் நிரம்பியிருக்கிறது, சர்க்கரை கொஞ்சம் ஏறினாலும் இறங்கினாலும் கவலையில்லை. கல்லீரலில் அதே வினையைச் செய்யும் குளுக்கோகைனேஸில் பாதி வேகம் வருவதற்கே சுமார் 8 மில்லிமோலர் வேண்டும். அதனால் சாப்பிட்ட பின் சர்க்கரை ஏறும்போது கல்லீரல் அதிகமாகவும், பட்டினியில் குறைவாகவும் குளுக்கோஸைப் பிடித்து வைக்கிறது. ஒரே வினை, இரண்டு நொதிகள், இரண்டு வேலைகள்.

நொதியின் அளவை இரட்டிப்பாக்கினால்?

தளப்பொருள் தாராளமாக இருக்கும் வரை வேகமும் இரட்டிப்பாகும்.

தடுப்பான்கள் எத்தனை வகை? வாழ்க்கையில் எங்கே பார்க்கலாம்?

போட்டித் தடுப்பான், தளப்பொருளைப் போன்ற உருவத்தோடு கிளர்வு மையத்தில் வந்து இடம்பிடிக்கிறது. தளப்பொருளைக் கூட்டினால் அதைத் தள்ளிவிடலாம். உச்ச வேகம் மாறாது, கேஎம் கூடியதுபோல் தெரியும். போட்டியற்ற தடுப்பான் வேறோர் இடத்தில் ஒட்டி வேலையைக் கெடுக்கிறது. தளப்பொருளை எவ்வளவு கூட்டினாலும் உச்ச வேகம் குறைந்தே இருக்கும். மூன்றாவது, மீளாத் தடுப்பான்: நொதியோடு வலுவாகப் பிணைந்து, அந்த மூலக்கூறையே முடித்துவிடும். ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களின் நொதி ஒன்றை ஆஸ்பிரின் அப்படித்தான் முடக்குகிறது. ரத்தத் தட்டணுக்களால் புது நொதியைத் தயாரிக்க முடியாது என்பதால், ஒரு சிறிய மாத்திரையின் விளைவு அந்தத் தட்டணுக்களின் ஆயுள் முழுவதும், ஒரு வாரத்துக்கும் மேல், நீடிக்கிறது. அறுவை சிகிச்சைக்கு முன் ஆஸ்பிரின் எடுப்பதை மருத்துவரிடம் சொல்லச் சொல்வது இதற்காகவே.

போட்டித் தடுப்புக்கு மெத்தனால் நஞ்சுக்கான சிகிச்சையை விடத் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோர் உயிரைப் பறித்த கள்ளச்சாராயத்தில் இருந்தது மெத்தனால். மெத்தனாலை விட, ஆல்கஹால் டிஹைட்ரஜனேஸ் என்ற நம் கல்லீரல் நொதி அதிலிருந்து உண்டாக்கும் பொருள்கள்தான் கொடியவை. முதலில் ஃபார்மால்டிஹைடு, பிறகு வேறொரு நொதியால் ஃபார்மிக் அமிலம். அந்த அமிலம் பார்வை நரம்பைச் சிதைக்கிறது. ஃபோமிபிசோல் என்ற மருந்து அதே கிளர்வு மையத்தைப் பிடித்துக்கொண்டு, மெத்தனால் மாறாமலேயே உடலை விட்டு வெளியேற நேரம் வாங்கித் தருகிறது. மருத்துவமனையில், கண்காணிப்பில் செய்ய வேண்டிய சிகிச்சை இது. ஒவ்வொரு மணி நேரத் தாமதமும் கூடுதல் ஃபார்மிக் அமிலம் என்பதால், பார்வை மங்குகிறது என்றவுடனே கிளம்ப வேண்டும்.

பூச்சிமருந்து நஞ்சும் நொதியைத்தான் தாக்குகிறதா?

ஆர்கனோபாஸ்பேட் வகை ஆம். நரம்புச் செய்தி முடிந்ததும் அசிட்டைல்கோலினை உடைத்து அகற்றும் அசிட்டைல்கோலின் எஸ்டரேஸ் நொதியின் கிளர்வு மையத்தில் அது பாஸ்பரஸ் குழுவை ஒட்டிவிடுகிறது. அசிட்டைல்கோலின் தேங்குகிறது. வாயில் நுரை, வியர்வை, கண்மணி சுருங்குதல், மூச்சுத் திணறல் எல்லாம் அந்தத் தேக்கத்தின் விளைவுகள். அட்ரோப்பின் நொதியைத் தொடுவதில்லை. தேங்கிய அசிட்டைல்கோலின் ஏற்பிகளைத் தாக்காமல் தடுக்கிறது. பிராலிடாக்சிம் ஒட்டிய குழுவை நொதியிலிருந்து கழற்றக்கூடியது, ஆனால் நேரம் போகப் போக அந்தப் பிணைப்பு இறுகிக் கழற்ற முடியாத நிலைக்குப் போய்விடும். தெளிக்கும்போது உடையில் கொட்டினால் முதலில் உடையைக் கழற்றி, சோப்புப் போட்டுத் தோலைக் கழுவ வேண்டும். இது தோல் வழியாகவும் ஏறும்.

துணைக்காரணிகள் என்றால்?

பல நொதிகளுக்குப் புரதம் மட்டும் போதாது, கூடவே ஓர் உலோகமோ சிறு மூலக்கூறோ வேண்டும்; அதுவே துணைக்காரணி. கார்பானிக் அன்ஹைட்ரேஸில் துத்தநாகம், கேட்டலேஸில் இரும்பு, செல்லின் ஆற்றல் பொருளான ஏடிபியைப் பயன்படுத்தும் கைனேஸ்களுக்கு மெக்னீசியம். பி வகை வைட்டமின்களும் பெரும்பாலும் இந்த வேலைக்கே: தயமின் இல்லாவிட்டால் பைருவேட் டிஹைட்ரஜனேஸ் முடங்கும், பெரிபெரி வரும். ஈயம் நஞ்சாவதற்கு ஒரு காரணம், ஹீம் தயாரிக்கும் நொதியொன்றில் துத்தநாகத்தை அது வெளியேற்றிவிட்டுத் தான் அமர்வது.

அடுப்படியில் நொதிகளை எங்கெல்லாம் பார்க்கலாம்?

வாழைத்தண்டையும் வாழைப்பூவையும் நறுக்கியதும் மோர் கலந்த நீரில் போடுவார்கள். நறுக்கும்போது செல் உடைந்து, பாலிஃபீனால் ஆக்சிடேஸ் என்ற செம்பு கொண்ட நொதி, ஃபீனால் பொருள்கள், காற்றின் ஆக்சிஜன் மூன்றும் சந்திக்கின்றன; அதனால் கறுக்கிறது. நீர் காற்றைத் தடுக்கிறது, மோரின் புளிப்பு பிஹெச்சை நொதிக்குப் பிடிக்காத அளவுக்கு இறக்குகிறது. எலுமிச்சைச் சாறு இன்னும் நன்றாக வேலை செய்யும். அதன் பிஹெச் மேலும் குறைவு, வைட்டமின் சி கறுப்பின் முதல் படியையே திருப்பிவிடும். கருந்தேநீருக்கு இதே நொதிதான் வேண்டும். நீலகிரியிலும் இலங்கை மலையகத்திலும் இலையை உருட்டிக் கசக்குவது அதை வேலை செய்ய விடத்தான். பச்சைத் தேயிலைக்கு முதலிலேயே ஆவியிலோ சட்டியிலோ சூடேற்றி நொதியை அழித்துவிடுகிறார்கள்.

மரவள்ளிக் கிழங்கில் இது உயிர் காக்கும் விஷயம். கிழங்கில் லினமாரின் என்ற பொருள் இருக்கிறது. அதை உடைக்கும் லினமாரேஸ் நொதி செல்சுவரில் தனியே இருக்கிறது. துருவினாலோ இடித்தாலோ இரண்டும் கலந்து ஹைட்ரஜன் சயனைடு உண்டாகி, காற்றில் பறந்துவிடும். பெரிய துண்டுகளாக நேரே கொதிநீரில் போட்டால் நொதி முதலில் அழிந்து, லினமாரின் கிழங்கிலேயே தங்கும். ஆகவே தோலை முழுதும் நீக்கி, சிறிதாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் ஊறவைத்து, குளிர்நீரிலிருந்து மெல்லச் சூடேற்றி, பாத்திரத்தை மூடாமல் வேகவைத்து, வடித்த நீரைக் கொட்டிவிடுங்கள். கசக்கும் கிழங்குக்கு இதுவும் போதாது, அதைச் சாப்பிட வேண்டாம்.

ஆட்டிறைச்சி மென்மையாகப் பச்சைப் பப்பாளி விழுது கிலோவுக்கு 1 அல்லது 2 மேசைக்கரண்டி, ஒரு மணி நேரம். அதிலுள்ள, புரதத்தை உடைக்கும் பப்பாயின் நொதி பழுத்த பழத்தில் வெகுவாகக் குறைந்துவிடும், காய்தான் வேண்டும். அது உள்ளே ஆழமாக ஊறாது என்பதால் இரவு முழுக்க வைத்தால் மேற்பரப்பு கூழாகி, நடுப்பகுதி அப்படியே இருக்கும். 60 டிகிரியைத் தாண்டியும் அது வேலை செய்வதால், மெல்லிய தீயில் தொடங்கினால் கூடுதல் பலன்.

புதிய அன்னாசியைப் போட்டால் ஜெலட்டின் உறையாது, அன்னாசியின் புரோமிலைன் நொதி ஜெலட்டின் புரதத்தைத் துண்டாக்கிவிடும். டின் அன்னாசி சூடேற்றப்பட்டது, அதில் சிக்கல் இல்லை. கடற்பாசியில் (அகர் அகர்) புதிய அன்னாசியைப் போட்டாலும் உறையும், ஏனென்றால் கடற்பாசி புரதமே அல்ல.

முளைகட்டிய கேழ்வரகு மாவு கெட்டிக் கஞ்சியை இளக்கும். கஞ்சி 60 டிகிரி அளவுக்கு ஆறியதும் ஒரு கிண்ணத்துக்கு அரை முதல் ஒரு தேக்கரண்டி கலந்து 10 நிமிடம் விடுங்கள். அமைலேஸ் ஸ்டார்ச்சை வெட்டி, அதே மாவுச்சத்தை நீராளமாக்கும். கொதிக்கும்போது போட்டால் நொதி அழியும். முளைகட்டிய பின் நன்கு வறுத்து அரைத்த மாவிலும் நொதி இருக்காது. குழந்தைக்கென்றால் இளகிய பிறகு மறுபடி ஒரு கொதி விட்டுக் கொடுங்கள்.

பால் சரியாகப் பாஸ்டர் செய்யப்பட்டதா என்று நொதியை வைத்துப் பார்ப்பது எப்படி?

பாலில் இயல்பாகவே அல்கலைன் பாஸ்பட்டேஸ் இருக்கிறது. 63 டிகிரியில் 30 நிமிடம், அல்லது 72 டிகிரியில் 15 நொடி என்ற பாஸ்டர் முறையில், நோய்க்கிருமிகள் அழியும் அளவை விடச் சற்றுக் கூடுதலான சூட்டில் இந்த நொதி அழிகிறது. அதனால் பாலில் அந்தச் செயல் மிஞ்சியிருந்தால், சூடு போதவில்லை அல்லது பச்சைப் பால் கலந்திருக்கிறது.

நொதி கலந்த சலவைத்தூளை வெந்நீரில் போடலாமா?

வெதுவெதுப்பான நீர் போதும். 30 முதல் 50 டிகிரியில் அரை மணி நேரம் ஊறவிட்டால் ரத்தம், பால், முட்டைக் கறைகளைப் புரோட்டியேஸ் உடைக்கும். கொதிநீரும் குளோரின் பிளீச்சும் நொதியை அழிக்கும். பட்டும் கம்பளியும் புரதங்கள், அவற்றுக்கு இந்தத் தூள் வேண்டாம்.

ரத்தப் பரிசோதனைச் சீட்டில் எஸ்ஜிபிடி என்ற கல்லீரல் நொதி "லிட்டருக்கு இத்தனை யூனிட்" என்று இருப்பது என்ன அளவு?

அது எடை அல்ல, வேகம். நிமிடத்துக்கு 1 மைக்ரோமோல் தளப்பொருளை மாற்றும் செயல் 1 யூனிட். குறிப்பிட்ட வெப்பநிலை, பிஹெச், நிறைந்த தளப்பொருள் ஆகிய நிலைகளில் அளந்தது. முறை மாறினால் எண்ணும் மாறும் என்பதால், தொடர்ந்து கவனிக்க வேண்டிய நோயாளி ஒரே ஆய்வகத்தில் எடுப்பது நல்லது. ஒப்பிடும்போது அந்தச் சீட்டிலேயே அச்சிட்ட இயல்பு எல்லையோடு ஒப்பிடுங்கள். ரத்தம் எடுக்கும்போது சிவப்பணுக்கள் உடைந்தால் எல்டிஹெச், எஸ்ஜிஓடி ஆகிய நொதிகள் இரண்டும் பொய்யாக ஏறும், ஏனென்றால் அவை சிவப்பணுவுக்குள்ளும் இருக்கின்றன.

பள்ளி ஆய்வகத்தில் நொதிகளை எப்படிச் சேமிப்பது?

எச்சில் கரைசலை அன்றே பயன்படுத்திக் கொட்டிவிடுங்கள். இடைப்பட்ட நேரத்தில் பனிக்கட்டியில் வையுங்கள். எந்த நொதிக் கரைசலையும் நுரைக்கக் குலுக்காதீர்கள்; நுரையின் பரப்பில் புரதம் விரிந்து இயல்பிழக்கும். உறைவதும் உருகுவதும் மாறி மாறி நடந்தாலும் செயல் குறையும், அதனால் சிறு குழாய்களில் பிரித்து வைத்து, ஒரு முறைக்கு ஒன்று எடுங்கள். பாதி கிளிசரால் கலந்த நொதிகள் மைனஸ் 20 டிகிரியிலும் உறையாமல் திரவமாகவே இருக்கும். டயஸ்டேஸ், பெப்சின் போன்ற பொடிகளைக் குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்ததும் மூடியைத் திறக்க வேண்டாம். புட்டி அறை வெப்பநிலைக்கு வந்த பிறகு திறங்கள். இல்லாவிட்டால் குளிர்ந்த பொடியின் மேல் காற்றின் ஈரம் படிந்து, அடுத்த வகுப்புக்குள் கட்டியாகிச் செயலிழந்துவிடும்.